ஒரு வருடம் பாவித்த மண் தண்ணீர்ப் பானை: எப்போது குளிரும், எப்போது குளிராது

சென்ற ஆண்டு சித்திரை மாதக் கடைசியில் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, வழக்கம்போலக் கச்சானும் வாங்கிக்கொண்டு புறப்பட்ட சிறிது நேரத்தில், ஏ9 வீதியோரம் சட்டி பானைகளை அடுக்கி வைத்திருந்த ஓர் ஓலைக் கொட்டிலைக் கண்டு வண்டியை நிறுத்தினேன். அங்கே 2,200 ரூபா கொடுத்து வாங்கிய பத்து லீற்றர் தண்ணீர்ப் பானையைப் பற்றியதே இந்த மதிப்புரை. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலம் ஒன்றையும் ஒரு மாரியையும் அந்தப் பானையோடு கழித்து, வெப்பமானியும் தராசும் கொண்டு அதனைப் பலமுறை அளந்து பார்த்த பின்னரே எழுதுகிறேன். விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதனால், பானை நல்லது என்றோ கூடாது என்றோ சொல்லி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்று விளங்கியவர்தான் நல்ல பானையைப் பார்த்து வாங்கவும், வாங்கியதை உரிய இடத்தில் வைக்கவும் முடியும்.

பானையின் தோற்றத்தில் சொல்வதற்கு அதிகம் இல்லை. செங்கல் நிறம், பூச்சு எதுவும் கிடையாது, வயிறு அகன்று கழுத்து சற்றே ஒடுங்கியது, மண்ணாலேயே செய்த மூடி, அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். பக்கத்திலேயே மினுக்கமான பூச்சும் பூவேலையும் கொண்ட பானைகள் இருந்தன. நான் இரண்டையும் மாறிமாறிப் பார்ப்பதைக் கண்ட விற்பனைப் பெண், “ஐயா, வடிவா இருக்கோணுமெண்டா அதை எடுங்கோ, தண்ணி குளிரோணுமெண்டா இதைக் கொண்டு போங்கோ” என்றார். அந்த ஒரு வசனத்தில் இருந்த அறிவு, இரண்டு வருடங்களுக்கு முன்னர் நான் நகரக் கடையொன்றில் பூச்சுப் பானையை வாங்கியபோது எனக்கே நினைவுக்கு வராமற் போனது. அந்தப் பானையில் தண்ணீர் ஒரு நாளும் குளிரவில்லை. அது இப்போது குசினியில் அரிசிப் பானையாக இருக்கிறது, அந்த வேலைக்கு அது நன்றாகவே உதவுகிறது.

புதுப்பானையை ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவிட்டு, முதல் மூன்று முறை நிரப்பிய நீரைப் பூக்கன்றுகளுக்கு ஊற்றிவிட்டு, நான்காவது முறை நிரப்பியதைத்தான் குடித்தோம். காய்ந்த பானை 4 கிலோவும் ஊறிய பானை ஏறக்குறைய நாலரைக் கிலோவும் நிறுத்தது. அந்த அரைக் கிலோ நீர் சுவருக்குள்ளேயே தங்கியிருக்கிறது என்பதுதான் இந்தப் பொருளைப் பற்றி அறிய வேண்டிய முதலாவது செய்தி. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் பானையின் சுவர் முழுவதும் ஒன்றோடொன்று தொடர்ந்து கிடக்கின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல உள்ளேயுள்ள நீர் அந்தத் துளைகளின் வழியே வெளிப்பக்கத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது.

பானையை விறாந்தையில் வைத்த மூன்றாம் நாள் என் பேரன் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “அப்பப்பா, பானைக்கு ஏன் வியர்க்குது?” என்று கேட்டான். வியர்வை என்ற சொல்லை அவன் தெரிந்து சொன்னானோ தெரியாமற் சொன்னானோ, அது மிகச் சரியான சொல். வெயிலில் வரம்பு வெட்டுகிறவரின் உடம்பைக் குளிர்விப்பதும் பானையின் தண்ணீரைக் குளிர்விப்பதும் ஒரே செயல்தான். நீரின் மூலக்கூறுகள் யாவும் ஒரே வேகத்தில் அசைவதில்லை. மேற்பரப்பில் உள்ளவற்றில் மிக வேகமானவையே மற்றவற்றின் பிடியை அறுத்துக்கொண்டு காற்றுக்குள் தப்பிச் செல்கின்றன. வேகமானவை போகப்போக எஞ்சியிருப்பவற்றின் சராசரிச் சக்தி குறைகிறது. சராசரிச் சக்தி குறைவதைத்தான் வெப்பநிலை இறங்குவதாக வெப்பமானி காட்டுகிறது. அடுப்பில் வைத்துக் கொதிக்க வைத்தால்தான் நீர் ஆவியாகும் என்று பல பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருப்பதை வகுப்பறையில் கண்டிருக்கிறேன். ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் நடப்பது, அதற்கு வேண்டிய வெப்பத்தை நீர் தன்னிடமிருந்தும் தன்னைச் சுற்றியுள்ளவற்றிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது.

அப்படி எடுத்துக்கொள்ளும் வெப்பத்தின் அளவு பெரியது. நம்முடைய சாதாரண வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 யூல் சக்தி வேண்டும். அதே ஒரு கிராம் நீரை ஒரு பாகை சூடாக்க 4.2 யூல் போதும். ஆகவே ஒரு கிராம் நீர் ஆவியாகிப் போகும்போது அரைக் கிலோவுக்கும் அதிகமான நீரின் வெப்பநிலையை ஒரு பாகையால் இறக்கிவிட்டுப் போகலாம். இந்த மறைவெப்பத்தை 1760களில் ஸ்கொட்லாந்தில் யோசப் பிளாக் என்ற விஞ்ஞானி அளந்து விளக்கினார்; அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம்முடைய குயவர் அதனைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தார். பத்து லீற்றர் நீரை ஆறு பாகை குளிர்விக்கக் கணக்கின்படி ஏறக்குறைய 105 கிராம் நீர், அதாவது ஒரு சிறிய தேநீர்க் கோப்பையளவு, ஆவியானால் போதும். ஆனால் தொங்கு தராசில் நிறுத்துப் பார்த்தபோது ஆனி மாதத்தில் ஒரு நாளைக்கு எழுநூறு கிராம் வரை குறைந்தது. கணக்குப் பிழையன்று. பானை குளிரக் குளிரச் சுற்றியுள்ள சூடான காற்றிலிருந்து வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, அதனையும் சேர்த்து வெளியேற்ற வேண்டியிருப்பதனால் ஆவியாதல் நிற்பதில்லை. ஒரு நாளில் எழுநூறு கிராம் என்பது ஏறத்தாழ 20 உவாற்று வலுவுடன் இரவு பகலாக வெப்பத்தை வெளியே தள்ளுவதற்குச் சமம், மின்சாரம் ஒரு சதத்துக்கும் இல்லாமல்.

இனி எவ்வளவு குளிர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஆடி மாதத்துப் பிற்பகல் இரண்டு மணிக்கு விறாந்தையில் காற்றின் வெப்பநிலை 34 பாகை செல்சியஸ். பானைக்குப் பக்கத்தில் காலையிலேயே நிரப்பி வைத்த பிளாஸ்டிக் போத்தலின் நீர் 33 பாகை. பானையின் நீர் 28 பாகை. அன்றைய தினத்தில் மட்டுமன்றி, சோளகம் நன்றாக வீசிய எல்லா நாட்களிலும் இந்த ஐந்தாறு பாகை வித்தியாசம் ஏறக்குறைய மாறாமல் இருந்தது. ஐந்து பாகை என்பது எழுத்தில் சிறிதாகத் தெரிந்தாலும், வயலில் இருந்து வந்து ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிக்கும்போது அது தொண்டையில் நன்றாகவே தெரியும். ஐஸ் தண்ணீரை எதிர்பார்த்து வாங்குபவருக்கு ஏமாற்றம்தான் கிடைக்கும், ஏனெனில் இந்தப் பானை 28 பாகையில் நின்றுவிட்டது, 20 பாகைக்கோ 10 பாகைக்கோ அது ஒருபோதும் போகாது.

ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். வெப்பமானியின் குமிழைச் சுற்றி ஈரமான பருத்தித் துணியொன்றைக் கட்டி, பானை இருக்கும் இடத்திலேயே காற்றுப் படும்படி தொங்கவிட்டேன். சில நிமிடங்களில் அது 34 இலிருந்து 26.5 பாகைக்கு இறங்கி அங்கேயே நின்றது. இதனை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். அந்த நேரத்தில் அந்தக் காற்றில் ஆவியாதலால் மட்டும் அடையக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை அதுவே. எவ்வளவு திறமையாகச் செய்த பானையாக இருந்தாலும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது, நல்ல பானை அதற்கு ஒன்றரை, இரண்டு பாகை அருகில் வந்து நிற்கும். “எங்கள் பானையில் தண்ணீர் பிறிஜ்ஜில் வைத்தது போலக் குளிரும்” என்று யாராவது சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். விலை கூடிய பானை என்பதற்காகக் காற்றின் ஈரப்பதன் மாறப்போவதில்லை.

ஈரப்பதன் என்று சொன்னதும் மாரிக்கு வர வேண்டும். கார்த்திகை மாதத்தில் வானம் மூடிக்கிடந்த ஒரு நாள் அதே இடத்தில் அதே அளவீடுகளை எடுத்தேன். காற்று 26 பாகை, ஈரத்துணி கட்டிய வெப்பமானி 25 பாகை, பானையின் நீர் 25.5 பாகை. பானை அன்று எந்த வேலையும் செய்யவில்லை என்றே சொல்லலாம். காற்று ஏற்கத்தக்க நீராவியின் அளவுக்கு எல்லை உண்டு, அந்த எல்லையில் எவ்வளவு பங்கு நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் பாடப்புத்தகங்கள் சாரீரப்பதன் என்கின்றன. வடகீழ்ப் பருவக்காற்று வங்கக் கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வருவதனால் மாரியில் காற்று ஏறக்குறைய நிரம்பியே இருக்கிறது. பானையின் மேற்பரப்பிலிருந்து எத்தனை மூலக்கூறுகள் போகின்றனவோ ஏறக்குறைய அத்தனையே திரும்பி வருகின்றன. அந்த நாட்களில் கொடியில் போட்ட உடுப்பு இரண்டு நாளாகியும் காயாததற்கும் இதுவே காரணம். தென்மேற்கிலிருந்து வரும் சோளகமோ மலைநாட்டிலும் தென்மேற்குப் பகுதிகளிலும் தன் மழையைக் கொட்டிவிட்டு, வரண்ட காற்றாகத்தான் வன்னியை வந்தடைகிறது. அந்தக் காற்றுத்தான் நம்முடைய குளங்களின் நீரைக் குடிக்கிறது, கிணற்றை அடிமட்டத்துக்கு இறக்குகிறது. ஆனையிறவு உப்பளத்தில் உப்பை விளைவிப்பதும் அதே வரட்சிதான். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் இறங்குவதைப் பார்த்து வருந்தும் அதே மாதங்களில் விறாந்தையில் உள்ள பானை மிக நன்றாகக் குளிர்வதன் தொடர்பு இப்போது விளங்கும்.

பானையை எங்கே வைப்பது என்பதில் பலர் தவறு விடுவதைக் காண்கிறேன். சுத்தமாக இருக்கட்டும் என்று குசினி அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால், சிறிது நேரத்தில் அலுமாரிக்குள் இருக்கும் காற்று ஈரத்தால் நிரம்பிவிடும், அதன் பிறகு சோளகம் வெளியே எவ்வளவு வீசினாலும் பயனில்லை. சுவரோடு ஒட்டி வைத்தால் பாதிப் பானைதான் வேலை செய்யும். நேர் வெயிலில் வைப்பது இன்னும் மோசம், ஏனெனில் உச்சி வெயில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஏறத்தாழ ஆயிரம் உவாற்று வலுவைக் கொட்டுகிறது. அதில் பானையின் மேல் விழும் பங்கு மட்டுமே அது வெளியே தள்ளக்கூடிய 20 உவாற்றைப் பல மடங்கு மிஞ்சிவிடும். எங்கள் வீட்டில் தென்மேற்குப் பக்க விறாந்தையில், வேப்பமர நிழல் விழும் இடத்தில், மூன்று கால் இரும்புத் தாங்கியின் மேல், அடியிலும் காற்றுப் போகும்படி வைத்திருக்கிறேன். காற்று அடங்கிய நாட்களில் மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினால் ஒரு பாகை மேலும் இறங்குவதைக் கண்டேன். மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். காய்ந்த வெப்பமானியை அதன் முன்னால் பிடித்துப் பாருங்கள், அளவு இறங்காது. ஈரமான பரப்பை ஒட்டித் தேங்கி நிற்கும் ஈரக்காற்றைத் தள்ளிவிட்டு உலர்ந்த காற்றைக் கொண்டு வருவதே அதன் உதவி. பானைக்கும் நம் உடம்புக்கும் அது குளிர்ச்சியைத் தருவதும், பிளாஸ்டிக் போத்தலுக்கு ஒன்றும் செய்யாததும் அதனால்தான்.

நகரக் கடையில் வாங்கிய பூச்சுப் பானை ஏன் குளிரவில்லை என்பதற்கு இனி விளக்கம் தேவையில்லை. வாணிஷ், எண்ணெய்ப் பூச்சு, கண்ணாடி போன்ற மினுக்கம் எதுவானாலும் அது துளைகளின் வாயை அடைத்துவிடுகிறது. நீர் வெளியே வராவிட்டால் மண்பானையும் பிளாஸ்டிக் வாளியும் ஒன்றுதான். அந்தப் பானையில் ஒரு நாள் முழுவதும் தண்ணீரை விட்டு நிறுத்துப் பார்த்தேன், நிறையில் சொல்லத்தக்க குறைவே இல்லை. விற்றவரைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன், அது அழகான பானைதான். ஆனால் “தண்ணீர் குளிரும்” என்று எழுதி விற்கும்போது அந்தப் பூச்சு அதற்கு நேர் எதிரானது என்பது வாங்குபவருக்குத் தெரிய வேண்டும்.

பேரனுடைய அடுத்த கேள்வி இன்னும் நல்ல கேள்வி. பிறிஜ்ஜிலிருந்து எடுத்த போத்தலும் வியர்க்கிறதே, அதுவும் துளையுள்ளதா என்று கேட்டான். இரண்டும் கைக்கு ஒரே மாதிரி ஈரமாகத் தோன்றினாலும் நடப்பது நேர்மாறானது. குளிர்ந்த போத்தலில் படியும் நீர் வெளிக்காற்றிலிருந்து வருவது. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பைத் தொட்டு ஒடுங்கித் துளியாகிறது, அப்போது அது வெப்பத்தைக் கொடுக்கிறது, ஆகவே அந்த வியர்வை போத்தலைச் சூடாக்குகிறது. பானையின் ஈரம் உள்ளிருந்து வருவது, அது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வாயால் சொன்னால் அவன் நம்பமாட்டான் என்று தராசை எடுத்தோம். இறுக மூடிய குளிர்ந்த போத்தல் கால் மணி நேரத்தில் சில கிராம் கூடியிருந்தது. பானையோ காலையிலிருந்ததை விடக் குறைந்திருந்தது. ஒன்று காற்றிலிருந்து வாங்குகிறது, மற்றது காற்றுக்குக் கொடுக்கிறது என்பதை எட்டு வயதுப் பிள்ளை தராசின் எண்ணைப் பார்த்துத் தானே சொன்னபோது எனக்குண்டான மகிழ்ச்சியை இங்கே பதிவு செய்யாமல் இருக்க முடியவில்லை.

பிறிஜ்ஜும் அடிப்படையில் ஆவியாதலால்தான் குளிர்விக்கிறது. 1750களில் வில்லியம் கல்லன் என்ற விஞ்ஞானி, எளிதில் ஆவியாகும் ஈதர் என்ற திரவத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கி நீரை உறையச் செய்து காட்டினார். இன்றைய பெட்டிகளில் மூடிய குழாய்க்குள் ஒரு திரவம் ஆவியாகி, உள்ளிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு, பின்பக்கக் கம்பிகளில் அந்த வெப்பத்தை விட்டு மீண்டும் திரவமாகிறது. அப்படித் திரும்பத் திரவமாக்குவதற்குத்தான் மின்சாரம் செலவாகிறது. கதவைத் திறந்து வைத்தால் குசினி குளிரும் என்று எண்ணுவது தவறு, முன்பக்கத்தால் எடுத்த வெப்பமும் இயந்திரம் செலவிட்ட மின்சக்தியும் சேர்ந்து பின்பக்கத்தால் அதே அறைக்குள்ளேயே வருவதனால் குசினி சூடாகத்தான் செய்யும். மின்வெட்டு நேரத்தில் என்ன செய்வது என்ற கேள்வி பானைக்கு இல்லை.

இந்தப் பானை செய்யாத ஒன்றைப் பற்றி மிகத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன், ஏனெனில் விற்பனைக் கொட்டில்களிலும் வீடுகளிலும் இதில்தான் பெரிய மயக்கம் இருக்கிறது. மண்பானை தண்ணீரைச் சுத்திகரிப்பதில்லை. சுவருக்குள் புகுந்து வெளியே போகும் நீர் காற்றோடு போய்விடுகிறது. நாம் குழாயைத் திறந்து குடிக்கும் நீர் சுவருக்குள் நுழையவே இல்லை, ஊற்றியபடியே உள்ளே இருந்தது. நீரைச் சுவரின் ஊடாக வடிய விட்டு அந்த வடிந்த நீரைக் குடிக்கும் மண் வடிகட்டி வேறு பொருள், அதன் துளைகளின் அளவும் செய்முறையும் வேறு. வட மத்திய மாகாணத்திலும் வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளிலும் நாட்பட்ட சிறுநீரக நோய் மக்களை வாட்டுகிறது, அதன் காரணம் இன்னும் முழுமையாக உறுதி செய்யப்படவில்லை. இந்தச் சூழலில், பானையில் வைத்தால் கிணற்று நீரின் குற்றம் நீங்கிவிடும் என்று யாரும் நம்பிவிடக்கூடாது. நீரில் கரைந்துள்ள எதனையும் பானை நீக்காது. கிணற்று நீரைக் கொதிக்க வைத்து ஆறிய பின்னர் ஊற்றினால் கிருமிகள் அழியும், ஆனால் கரைந்துள்ளவை கொதித்தாலும் போகா; அவற்றுக்கு அஞ்சினால் ஊரில் உள்ள ஆர்ஓ நிலையத்து நீரை, அதாவது நுண்சவ்வின் ஊடாகச் செலுத்திச் சுத்திகரித்த நீரை, வாங்கி ஊற்றுங்கள். கொதித்த நீரைச் சூட்டோடு ஊற்றக் கூடாது, உட்சுவர் விரிந்து வெளிச்சுவர் விரியாதிருந்தால் பானை வெடித்துவிடும்.

பாவனையில் கண்ட குறைகளுள் முதன்மையானது ஏழாவது மாதத்தில் தெரிந்தது. பானையின் வெளிப்புறத்தில், முதலில் அடிவயிற்றிலும் பிறகு மேலேயும், வெள்ளைப் பொடி போல ஒன்று பூக்கத் தொடங்கியது. பூஞ்சணம் என்று வீட்டில் பயந்தார்கள். அது எங்கள் கிணற்று நீரின் உப்புகள். நீர் மட்டுமே ஆவியாகும், அதில் கரைந்திருந்த கல்சியமும் மற்றவையும் சுவரின் வெளிமுனையில் தங்கிவிடும், கேத்திலின் அடியில் கட்டியாகப் படிவதும் பெரும்பாலும் அதே பொருள்தான். பார்வைக்கு அழகில்லை என்பதோடு போயிருந்தால் இதனைக் குறையாகச் சொல்லமாட்டேன். அந்தப் படிவு துளைகளை அடைக்கிறது. மாசி மாதத்தில் மழை ஓய்ந்து காற்று உலர்ந்த பின்னரும் பானை முன்பு போலக் குளிரவில்லை, நாளொன்றுக்கு இழந்த நிறையும் பாதியாகக் குறைந்திருந்தது. பானையை வெறுமையாக்கி, எலுமிச்சம்புளியைத் தடவி அரை மணி நேரம் விட்டேன். சிறு குமிழிகள் எழுந்தன, கல்சியம் காபனேற்று அமிலத்தில் கரைந்து காபனீரொட்சைட்டை விடும் குமிழிகள் அவை. பிறகு தும்பால் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காய வைத்து மீண்டும் நிரப்பியதும் பழைய குளிர்ச்சியில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. முழுவதும் திரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சவர்க்காரம் போட வேண்டாம், துளைகளுக்குள் போன சவர்க்காரம் எத்தனை முறை அலசினாலும் எளிதில் வெளியே வராது. அதன் பின்னர் ஆர்ஓ நீரை மட்டுமே ஊற்றி வருகிறேன், வெள்ளைப் பூப்பு மிகவும் குறைந்திருக்கிறது.

அடுத்த குறை குழாய். பிளாஸ்டிக் குழாய்க்கும் மண்சுவருக்கும் இடையில் வைத்திருந்த இறப்பர் வளையம் இரண்டே மாதத்தில் கசியத் தொடங்கியது. நகரத்தில் தடித்த வளையம் இரண்டு வாங்கி உள்ளும் புறமும் போட்ட பிறகு கசிவு நின்றது. விற்கும்போதே நல்ல வளையத்தைப் போட்டுக் கொடுத்திருந்தால் விலையில் சிறு தொகைதான் கூடியிருக்கும். குழாய் இல்லாத பானையை வாங்கி அகப்பையால் மொண்டு குடிப்பதை நான் பரிந்துரைக்கவில்லை, கை படுவதனால் நீர் அழுக்காகும் வழி அதுதான்.

கவனிக்காமல் விட்டால் ஆபத்தாகக் கூடியது பானையின் அடியில் வைக்கும் தட்டு. வடியும் நீர் அதில் தேங்கும், தேங்கிய நல்ல நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும், முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். எங்கள் தட்டில் மணலைப் பரப்பி வைத்திருக்கிறேன், ஆயினும் இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுத்துக் கொட்டிவிடுகிறோம்.

கொட்டிலில் பானையைத் தெரிந்தெடுப்பதற்கு மூன்று சோதனைகள் போதுமானவை. விரலை நனைத்து ஒரு துளி நீரைப் பானையின் வெளிப்புறத்தில் வையுங்கள். சில வினாடிகளில் உறிஞ்சப்பட்டு அந்த இடம் கறுத்தால் அது குளிர்விக்கும் பானை, துளி முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது என்று பொருள். பிறகு விரல் முட்டியால் தட்டுங்கள், கணீரென்ற ஓசை வந்தால் வெடிப்பில்லை, மந்தமான ஓசை வந்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு எங்கோ இருக்கிறது, ஏனெனில் அதிர்வு அந்த இடத்தைக் கடக்க முடியாமல் அடங்கிவிடுகிறது. கடைசியாக நிறத்தைப் பாருங்கள். குளத்து மண் சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ இருந்தாலும் பானை சிவப்பது, மண்ணிலுள்ள இரும்பு சூளையில் ஒட்சிசனோடு சேர்ந்து சிவந்த ஒட்சைட்டாக மாறுவதனால். முழுதும் ஒரே சிவப்பாக இருந்தால் காற்றும் சூடும் எல்லாப் பக்கமும் சீராகக் கிடைத்திருக்கின்றன. கரும்புள்ளிகள் அந்த இடத்துக்குக் காற்றுப் போதவில்லை என்பதைக் காட்டும், சிறியவை என்றால் பாவனைக்குக் கெடுதியில்லை. சூளையின் சூடு போதாத பானை மட்டும் உண்மையிலேயே ஆகாது. ஏறத்தாழ 600 பாகையைத் தாண்டும்போதுதான் களிமண்ணுக்குள் இரசாயனமாகப் பிணைந்திருந்த நீர் முற்றாகப் போய், அது திரும்பவும் சேறாக முடியாத வேறு பொருளாகிறது. அந்தச் சூட்டை எட்டாத பானை ஊற ஊற உதிரும். நகத்தால் கீறிப் பார்த்து மண் உதிர்ந்தால் வாங்காதீர்கள்.

மண்ணோடு மணலும் உமியும் கலந்து குழைப்பதைப் பற்றி அந்தப் பெண்ணிடம் விசாரித்தேன். உமி சூளையில் எரிந்து போகும் இடங்கள்தான் துளைகளாகின்றன என்பதால், கூடப் போட்டால் பானை நன்றாகக் குளிரும், ஆனால் இலேசில் உடையும். குறையப் போட்டால் உறுதியாக இருக்கும், குளிர்ச்சி குறையும். “அது கைப்பழக்கம் ஐயா, அளவு சொல்லத் தெரியாது” என்றார். வற்றாப்பளை, புதூர்க் கோயில்களில் பொங்கலுக்கு ஏற்றும் வளந்து என்ற பானை அடுப்பின் தீயைத் தாங்க வேண்டும், தண்ணீர்ப் பானை கசிய வேண்டும். இரண்டும் மண்பாண்டங்கள் என்றாலும் ஒரே குழையலில் ஒரே கவனத்தோடு செய்து முடிக்கக்கூடியவை அல்ல. இந்தக் கைப்பழக்கத்துக்கு நாம் கொடுக்கும் 2,200 ரூபா அதிகம் என்று யாராவது பேரம் பேசினால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

யாருக்கு இந்தப் பானையைப் பரிந்துரைப்பேன் என்றால், காற்றோட்டமான விறாந்தையோ நிழலான முற்றமோ உள்ள வீட்டுக்கும், வயலில் கொட்டில் போட்டுக் காவல் இருப்பவருக்கும், மின்சாரம் நம்பிக்கையில்லாத இடத்துப் பாடசாலை வகுப்பறைக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். நான்கு பக்கமும் சுவர் எழுப்பிய, காற்றுப் புகாத நகர அறைக்கும், கடலோரத்தில் காற்றில் எந்நேரமும் ஈரம் நிற்கும் வீட்டுக்கும் அவ்வளவாகப் பயன் தராது. மாரி தொடங்கியதும் பானையைக் கழுவிக் காய வைத்துக் கவிழ்த்து வைத்துவிடலாம். ஐப்பசியிலிருந்து தை வரை அதில் நீர் நிரப்புவதால் நன்மை ஒன்றும் இல்லை, சுவர் காயாமல் பாசி பிடிப்பதுதான் மிச்சம். நாங்கள் இந்த ஆண்டு மாசியில் மறுபடியும் நிரப்பத் தொடங்கினோம். வைகாசி பிறப்பதற்குள் அதே கொட்டிலில் இன்னொன்று வாங்கி, ஒன்று காயும்போது மற்றது வேலை செய்யும்படி மாறிமாறி வைக்க எண்ணியிருக்கிறேன். குழாய்க்கு வேண்டிய தடித்த இறப்பர் வளையங்களை இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.